குளக்கரையில் ஒன்பது கூடைகள்

குளக்கரை ஒன்றில் டிஸ்க் கோல்ப் விளையாடி, கூடாரத்தில் ஓர் இரவு தங்கிவந்த கதை இது. தட்டை எறிந்து கூடைக்குள் விழுத்தும் விளையாட்டு அது. கூடையிலிருந்தே தொடங்குகிறேன். மாங்குளத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவனுக்கு வேறு எதுவும் முதலில் கண்ணில் படாது. ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான ஓர் இரும்புக் குழாய். அதன் உச்சியில் பழைய 28 அங்குல றிம். ஸ்போக்ஸ் கம்பி போகும் துளைகளில் சங்கிலிகளைக் கொளுவித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இடுப்பளவில் கம்பி வளைத்துச் செய்த கூடை. யோசனை நல்லது, வெல்டிங் வேலையும் சுத்தம். ஆனால் சங்கிலி பன்னிரண்டே பன்னிரண்டு. அதுவும் ஆட்டுக்குட்டி கட்டுகிற மெல்லிய சங்கிலி. நேராக எறிந்த தட்டுக்கூட இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் போய் விழுகிறது. எனக்கு அப்படி மூன்று தடவை நடந்தது. மூன்றையும் என் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

இடத்தின் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். குறை சொல்லப் போகிறேன். நடத்துகிறவரோ ரியூப் ஒட்ட என் கடைக்கு வருகிறவர். நோர்வேயில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி, தகப்பனுடைய காணியில் குளக்கட்டை ஒட்டி ஐந்து கூடாரமும் ஒரு கொட்டிலும் இந்த ஒன்பது கூடைகளும் போட்டிருக்கிறார். போக விரும்புகிறவர்கள் மாங்குளம் சந்தியில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

ஆடி மாதத்தில் அக்காவின் குடும்பம் டொரன்டோவிலிருந்து வந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வழியில் முறிகண்டியில் தேங்காய் உடைத்து, ஆளுக்கொரு பை கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மருமகனுக்குப் பதினைந்து வயது. பயணப் பைக்குள் உடுப்பைவிடத் தட்டுகள்தான் அதிகம் வைத்திருந்தான். டிஸ்க் கோல்ப் என்ற பெயரை அவன் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன். கோல்ப் விளையாட்டில் பந்து, தடி, குழி. இதில் தட்டு, கை, கூடை. தட்டு விழுந்த இடத்தில் நின்று அடுத்த எறியை எறிய வேண்டும். குறைந்த எறிகளில் ஒன்பது கூடைகளையும் முடிப்பவர் வென்றவர். இங்கே கூடைக்கு மூன்று எறி என்று 'பார்', அதாவது எதிர்பார்க்கும் எறிக் கணக்கு, வைத்திருக்கிறார்கள். மொத்தம் இருபத்தேழு. மருமகன் இருபத்தொன்பதில் முடித்தான், என் மனைவி நாற்பத்துநான்கில். என்னுடையதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சங்கிலிக் கூடைக்கு ஒரு கதை இருக்கிறது. 1975 இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்ரிக் என்பவர் நிரந்தரமான முதல் திடலை அமைத்தபோது இலக்கு வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, உரசிப் போனதா என்ற சண்டை தீராததால்தான் சங்கிலியும் கூடையும் வந்தன என்கிறார்கள். தட்டை ஓசையோடு பிடித்து இருந்த இடத்திலேயே விழுத்துவதுதான் சங்கிலியின் வேலை. அதனால்தான் நான் அந்தப் பன்னிரண்டை எண்ணினேன். மருமகன் விளையாடும் இடத்தில் வெளிவளையம் ஒன்று, உள்வளையம் ஒன்று என இரண்டு அடுக்காகச் சங்கிலி தொங்குமாம்.

ஹெட்ரிக் 2002 இல் இறந்தார். அவருடைய விருப்பப்படி அஸ்தியைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். மருமகன் இதைச் சொன்னதும் அம்மா கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன், அஸ்தியைக் கரைக்கக் கீரிமலைக்குக் கொண்டுபோக அந்த மனிசனுக்கு ஆள் கிடைக்கவில்லையா?"

தட்டுகளைப் பற்றி ஒரு புத்தி சொல்ல வேண்டும். வாடகைத் தட்டு ஆளுக்கு மூன்று, 500 ரூபா. முற்பணம் தட்டுக்கு 1,500. ஒவ்வொன்றிலும் நான்கு எண்கள் இருக்கும்: வேகம், மிதப்பு, நடுவழியில் எவ்வளவு திரும்பும், கடைசியில் எவ்வளவு சாயும். வேகம் 12 என்று போட்ட தட்டைத்தான் நான் முதலில் எடுத்தேன். பெரிய எண், நல்ல சாமான் என்று நினைப்பதுதானே மனித இயல்பு. அந்த வேகத்தைக் கொடுக்க என் கைக்குப் பலம் போதாது. பலம் போதாவிட்டால் அது தன் குணத்தைக் காட்டாமல் உடனேயே இடப்பக்கம் சரிந்து தரை தட்டுகிறது. "மாமா, அதை வையுங்கள், இதைப் பிடியுங்கள்" என்று மருமகன் வேகம் 3 உள்ள மழுங்கிய விளிம்புத் தட்டைத் தந்தான். என் மனைவி தொடக்கத்திலிருந்து முடிவுவரை அந்த ஒன்றை மட்டுமே எறிந்தார். அவருடைய நாற்பத்துநான்கின் இரகசியம் அவ்வளவுதான். இதை வாடகை கொடுக்கும் இடத்தில் ஒருவர் நின்று சொல்ல வேண்டாமா? அங்கே இருந்த பையன் பணத்தை எண்ணிவிட்டுக் கைப்பேசிக்குள் போய்விட்டான்.

முதல் மூன்று கூடைகள் குளக்கட்டுக்குச் சமாந்தரமாக, வெட்டையில். சோளகக் காற்று அடிக்கிற காலம். எதிர்க்காற்றில் எறிந்தால் தட்டு மேலே கிளம்பி வலப்பக்கம் புரண்டுகொண்டு போகிறது. பின்காற்றில் மிதப்புக் குறைந்து சீக்கிரம் விழுகிறது. வலக்கையால் எறிகிறவர்களுக்குச் சொல்கிறேன். இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பு காற்று அடங்கியிருக்கிறது, அப்போதே முடித்துவிடுங்கள். நான்காவதும் ஐந்தாவதும் பாலை மரங்களுக்கு நடுவே. நிழலுக்காகவே இரண்டு தடவை விளையாடலாம். மரத்தில் பட்டுத் திரும்பும் தட்டைக் குரங்குகள் உட்கார்ந்து பார்க்கின்றன. ஆறாவது வாய்க்காலைத் தாண்டி. என் தட்டு ஒன்று அதில் போனது, 1,500 ரூபாவும் அதோடு போனது.

ஏழாவது கூடையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். வலப்பக்கம் முழுக்கப் பற்றை. நான் எறிந்தது நேரே அதற்குள் போனது. மருமகன் எடுத்துவர ஓடினான். "நில்!" என்று கத்தினேன். குளக்கட்டில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகள்கூட நிமிர்ந்து பார்த்தன.

போர் முடிந்து மீளக் குடியேறிய புதிதில் எங்கள் வளவுக்கு மூன்று காணி தள்ளி மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நின்றது. பாதையை விட்டு இறங்காதே, தெரியாத இரும்பைத் தொடாதே, விறகு பொறுக்க மற்றவர் போன தடத்திலேயே போ. பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்பு இதைத்தான் சொல்லிக்கொடுத்தோம். தட்டைத் தேடிப் பற்றைக்குள் போவதே பாதி ஆட்டமாக இருக்கும் ஒரு விளையாட்டை இந்த மண்ணில் கொண்டுவந்து வைத்தால், என் வயதுக்காரனின் கால் என்ன செய்யும்? உரிமையாளரைக் கேட்டேன். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த கடதாசியை எடுத்துக் காட்டினார். நாற்பது வருடமாகப் பற்றையாக இருந்த மூலையையும் தானே வெட்டி உழுததாகச் சொன்னார். கடதாசியை முழுதாக வாசித்தேன். பிறகும் பாதையின் ஓரத்திலேயே நின்றேன்.

மருமகன் காற்சட்டை முழுக்க நாயுருவி ஒட்ட, தட்டோடு வெளியே வந்தான். "பாம்பா மாமா?"

"பாம்புதான்" என்றேன்.

அந்தக் கடதாசியின் பிரதியை லாச்சிக்குள் வைத்திருக்காமல் கொட்டிலின் வாசலிலேயே தொங்கவிட வேண்டும். ஏழாவது கூடையின் பற்றையை இருபது அடிக்கு வெட்டிவிட வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக அல்ல, எங்களைப் போன்றவர்களுக்காக.

எட்டும் ஒன்பதும் சாதாரணம். என் மொத்தம் ஐம்பத்தொன்று, சங்கிலி விழுங்கிய மூன்றையும் சேர்த்து.

கூடாரத்துக்கு வருகிறேன். நான்கு பேர் படுக்கக்கூடியது ஓர் இரவுக்கு 6,000 ரூபா. "காசு கொடுத்துத் தறப்பாளுக்குள் படுக்கிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று வீட்டிலேயே அம்மா தொடங்கிவிட்டார். 2009 இல் செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் பதினொரு மாதம் அவர் அப்படிப் படுத்தவர். முகாம் என்ற சொல்லே எங்கள் வீட்டில் வேறு பொருள் உடையது. ஆனால் வந்து இறங்கியதும் கூடாரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முளைகளைக் காலால் தட்டிப் பார்த்தார். கயிற்றின் இழுவையைப் பார்த்தார். நிலத்துணி சுவரோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா, பாம்பு பூச்சி நுழைய இடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தார். வாசல் காற்றுக்கு முதுகு காட்டி இருப்பதை ஒப்புக்கொண்டார். பிறகு உரிமையாளரைக் கூப்பிட்டு, "தம்பி, சுற்றிவர வாய்க்கால் வெட்டவில்லையே. மாரியில் வெள்ளம் எங்கே போகும்?" என்று கேட்டார். அவரிடம் பதில் இல்லை. ஆகவே ஐப்பசிக்குப் பிறகு போகிறவர்கள் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இது அம்மாவின் விமர்சனம், கூடார விஷயத்தில் அவருக்கு மேல் எனக்கு ஆள் தெரியாது. இரவு அவர் நன்றாகத்தான் தூங்கினார். தூங்காமல் இருந்தது நான். ஆறு மணிக்குப் பிறகு வேலிக்கு வெளியே போக வேண்டாம், யானை வரும் என்று சொல்லியிருந்தார்கள். தூரத்தில் வெடி கொளுத்தும் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

சாப்பாடு: விரால் குழம்பு என்று எழுதிவிட்டு யப்பான் மீனை (திலாப்பியாவை) போடுகிறார்கள். சுவை மோசமில்லை, பொய்தான் பிடிக்கவில்லை. புட்டு அருமை. மலசலகூடம் துப்புரவு. கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது. அது வன்னித் தண்ணீர், அவர் குற்றமில்லை.

திரும்பும்போது உள்வளையச் சங்கிலியைப் பற்றி உரிமையாளரிடம் பேசினேன். கடையின் பின்பக்கத்தில் பழைய சைக்கிள் செயின் ஒரு சாக்கு நிறைய இருக்கிறது. எண்ணெய் போகக் கழுவிக் கொளுவினால் கூடைக்குப் பத்து எடுக்கலாம். முதல் கூடையில் போட்டுப் பார்ப்போம் என்றார். கூலிக்கு, வாய்க்காலில் போன தட்டின் 1,500 ரூபாவைக் கழித்துக்கொள்ளச் சம்மதம். அந்த மூன்று எறிகளைக் கழிக்கத்தான் மருமகன் இன்னும் சம்மதிக்கவில்லை.