சதுரங்க எஞ்சினும் கடிகாரமும்: இறுக்கமா, நெகிழ்வா?

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ கணினி பயிலும் மாணவர் ஒருவர் சொந்தமாகச் சதுரங்க எஞ்சின் (சதுரங்கம் ஆடும் மென்பொருள்) எழுதினால், நகர்வு விதிகளையும் சிறந்த நகர்வைத் தேடும் முறையையும் சரிசெய்த பின்னர் நேரப் பங்கீடு என்ற கேள்வி வந்தே தீரும். ஒவ்வொரு நகர்வுக்கும் இத்தனை செக்கன் என்று வரையறுத்து அதன்படியே நிற்பதா, நிலையின் தன்மைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் செலவிடுவதா?

இறுக்கமான முறை எழுத எளிது. பத்து நிமிட ஆட்டத்தை 40 நகர்வுகளுக்குப் பங்கிட்டால் நகர்வுக்கு 15 செக்கன் வரும். அதற்குரிய நிரல் சில வரிகளில் முடிந்துவிடும். ஆனால் எதிரி வெட்டிய காயைத் திருப்பி வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லாத இடத்திலும் அது 15 செக்கன் செலவிடும். ஆட்டத்தின் தலைவிதியே தங்கியிருக்கும் இடத்திலும் அதே 15 செக்கனில் நிறுத்திவிடும். இரண்டாவதுதான் பெருங்கேடு. எஞ்சின்கள் ஓர் ஆழத்தை, அதாவது இத்தனை நகர்வுகள் முன்னோக்கி என்ற அளவை, தேடி முடித்து அடுத்த ஆழத்துக்குச் செல்பவை. பதினேழாம் ஆழம் வரை சிறந்ததாகத் தோன்றிய நகர்வு பதினெட்டாம் ஆழத்தில் இராணியை இழக்கச் செய்கிறது என்று தெரியவந்த அக்கணத்தில் நேரம் முடிந்தால், மாற்று நகர்வைத் தேட அவகாசமின்றி, தவறென்று தானே கண்டுகொண்ட நகர்வையே எஞ்சின் ஆடிவிடும்.

நெகிழ்வான முறை இந்தக் குறையைத் தீர்க்கவே வந்தது. பிரபல எஞ்சினான ஸ்டொக்பிஷ் ஒவ்வொரு நகர்வுக்கும் உகந்த நேரம், உச்ச நேரம் என இரு எல்லைகளைக் கணிக்கிறது. சிறந்த நகர்வு ஆழத்துக்கு ஆழம் மாறாதிருந்தால் முன்னதாகவே நிறுத்துகிறது. நிலை தனக்கு எவ்வளவு சாதகம் என்று அது இடும் மதிப்பீடு சரிந்தாலோ சிறந்த நகர்வு அடிக்கடி மாறினாலோ கூடுதலாகச் சிந்திக்கிறது. உச்ச நேரத்தைத் தாண்டுவதில்லை. நெகிழ்வு என்று நாம் சொல்வதற்குள்ளேயே ஓர் இறுக்கமான எல்லை இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனத்தின் அல்பாசீரோ என்ற எஞ்சின், ஸ்டொக்பிஷ் 8 உடன் ஆடிய 100 ஆட்டங்களில் 28 இல் வென்று 72 இல் சமநிலை கண்டதாக அறிவிக்கப்பட்டபோது, நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று நிர்ணயித்தது ஸ்டொக்பிஷின் நேரப் பங்கீட்டுத் திறனைப் பயனற்றதாக்கியது என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். எனினும் 2018 இல் வெளியான ஆய்வில், ஆட்டத்துக்கு மூன்று மணித்தியாலமும் நகர்வுக்கு மேலதிகமாக 15 செக்கனும் வழங்கி நடத்திய 1000 ஆட்டங்களிலும் அல்பாசீரோ 155 இல் வென்று ஆறில் மட்டுமே தோற்றது. ஆகவே நேரப் பங்கீட்டின் பெறுமதியை மிகைப்படுத்தவும் கூடாது.

இறுக்கம் உண்மையாகவே தேவைப்படும் இடம் வேறு. எஞ்சினும் பலகையைக் காட்டும் இடைமுக மென்பொருளும் தொடர்புகொள்வதற்கென 2000 இல் வெளியான யூசிஐ நெறிமுறையில் கடிகாரம் எஞ்சினிடம் இல்லை. இடைமுக மென்பொருள் எஞ்சிய நேரத்தை மில்லிசெக்கனில் அறிவிக்கிறது. விடை போய்ச் சேரும் தாமதமும் எஞ்சினின் கணக்கிலேயே விழும். இதற்காக ஸ்டொக்பிஷ் இயல்பாக ஒதுக்குவது 10 மில்லிசெக்கன். ஒரே கணினிக்குள் அது போதலாம். மட்டக்களப்பிலிருந்து பிரான்சிலுள்ள லிச்செஸ் என்ற சதுரங்க இணையத்தளத்தின் சேவையகத்துக்கு இணையவழி ஆடும்போது நிச்சயமாகப் போதாது. சித்திரை, வைகாசி வெயிலில் பழைய மடிக்கணினி சூடேறி வேகம் குறைவதும் நம்மவர் கணக்கிலெடுக்க வேண்டிய ஒன்று. குறிப்பிட்ட எண்ணிக்கையான பலகை நிலைகளைத் தேடியபின் கடிகாரத்தைப் பார்க்கும் எஞ்சின், வேகம் குறையக் குறைய, பிந்திப் பிந்தியே பார்க்கும். நகர்வுக்கு மேலதிக செக்கன் சேராத ஆட்டங்களில் இத்தகைய சிறு பிந்தல்கள் குவிந்து, வெல்லும் நிலையிலேயே தோல்வியைத் தரும்.

நேரத்தை விட்டு, தேடும் நிலைகளின் எண்ணிக்கையை வரையறுப்பது மூன்றாவது வழி. புதிய, பழைய கணினிகள் கலந்த ஆய்வுகூடத்தில் மதிப்பீட்டு மாற்றங்களைச் சோதிக்க அது நல்லது; போட்டிக்கு உதவாது.

என் தெரிவு தெளிவானது: உச்ச எல்லையில் எள்ளளவும் நெகிழக் கூடாது, அதற்குள் தாராளமாக நெகிழலாம். புதிதாக எழுதுபவர் முதலில் இறுக்கமான முறையை அமைத்து, தாமதத்துக்குப் போதிய ஒதுக்கத்தைச் சேர்த்து, ஓர் ஆட்டத்திலும் நேரத்தால் தோற்காத நிலையை அடையட்டும். அடுத்து, ஒதுக்கிய நேரத்தில் பாதி கடந்திருந்தால் புதிய ஆழத்தைத் தொடங்காதிருக்கும் விதியைச் சேர்க்கலாம். அடுத்த ஆழம் பெரும்பாலும் முந்தியதைவிட நீண்ட நேரம் எடுப்பதால் அது முடியாமலே போகும். அவ்வாறு மிஞ்சும் நேரத்தை, மதிப்பீடு சரியும் நகர்வுகளுக்கென்றே வைக்க வேண்டும்.