கேனன் ஃபிலிம்ஸ் பற்றி இரண்டு ஆவணப்படங்கள்: எதை முதலில் பார்ப்பது?

2014-இல் ஒரே தயாரிப்பு நிறுவனத்தைப் பற்றி இரண்டு ஆவணப்படங்கள் வந்தன. மே மாதம் கான் விழாவில் ஹில்லா மெடாலியாவின் ‘தி கோ-கோ பாய்ஸ்’. ஆகஸ்டில் மெல்போர்ன் விழாவில் மார்க் ஹார்ட்லியின் ‘எலக்ட்ரிக் பூகலூ’. இரண்டுமே கேனன் ஃபிலிம்ஸின் கதை. ஹார்ட்லி அழைத்தபோது, அந்த நிறுவனத்தை நடத்திய மெனாகெம் கோலனும் யோரம் குளோபஸும் பேச மறுத்துவிட்டார்கள். மெடாலியாவின் கேமரா முன்னால் உட்கார்ந்தார்கள்; அந்தப் படம் மூன்று மாதம் முந்திக்கொண்டது. ஹார்ட்லி இதைத் தன் படத்தின் கடைசியில் எழுத்தில் போட்டே குத்திக்காட்டுகிறார்.

கோலனுக்கும் குளோபஸுக்கும் இப்படிப் போட்டிப் படம் புதிதில்லை. 1989-இல் இருவரும் பிரிந்த பிறகு லம்பாடா நடனத்தை வைத்து எதிரெதிர் அணியாக ஆளுக்கொரு படம் எடுத்தார்கள். இரண்டும் 1990 மார்ச் 16 அன்று, ஒரே நாளில் வெளியாயின!

கேனனைக் கேள்விப்படாதவர்களுக்கு: இஸ்ரேலிலிருந்து வந்த இந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள் 1979-இல் சுமார் 5 லட்சம் டாலருக்கு நிறுவனத்தை வாங்கினார்கள். முதலில் போஸ்டர் அடிப்பார்கள். அதைக் காட்டி நாடு நாடாக விநியோக உரிமையை விற்பார்கள். அந்த ஒப்பந்தங்களை வைத்துக் கடன் வாங்கி, அப்புறம்தான் படமே எடுப்பார்கள். சார்லஸ் பிரான்சன், சக் நாரிஸ் நடித்த அடிதடிப் படங்கள் சோறு போட்டன. அதே கம்பெனிதான் கலைப்பட இயக்குநர் கசாவெட்டிஸின் ‘லவ் ஸ்ட்ரீம்ஸ்’ (1984) படத்தையும் தயாரித்தது; பெர்லின் திரைப்பட விழாவில் அது உச்ச விருதான தங்கக் கரடி வாங்கியது. பிரெஞ்சு இயக்குநர் கோதாருடன் ‘கிங் லியர்’ படத்துக்கு ஒப்பந்தம் போட்டது ஒரு நாப்கினில்.

ஹார்ட்லியின் படம் மூச்சு விடாமல் ஓடுகிறது. டால்ஃப் லண்ட்கிரென், போ டெரெக், டோப் ஹூப்பர் என்று கேனன் படங்களில் வேலை பார்த்த ஏராளமான பேர் வந்து, இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நடுநடுவே படத்துண்டுகள் தெறிக்கின்றன. ‘சூப்பர்மேன் IV’ படத்தின் பட்ஜெட்டை வெட்டிச் சாய்த்த கதையெல்லாம் இங்கே வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும். குறை என்னவென்றால், வருகிறவர்களில் பாதிப் பேர் கோலனின் உச்சரிப்பைப் போலச் செய்து காட்டுகிறார்கள். முதல் இரண்டு முறை சிரிப்பு வருகிறது, அதற்குப் பிறகு எரிச்சல். பதில் சொல்ல அந்த ஆள் அங்கே இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மெடாலியாவிடம் அந்த ஆள் இருக்கிறார். ஹாலிவுட்டுக்கு முந்தைய இஸ்ரேல் வருடங்களுக்கு மெடாலியா இடம் கொடுப்பதால், ஆஸ்கர் பரிந்துரை வரை போன ‘ஆபரேஷன் தண்டர்போல்ட்’ (1977) போன்ற படங்களை எடுத்தவராகவும் கோலனைப் பார்க்க முடிகிறது. சினிமா வெறியில் குடும்பத்தைக் கவனிக்காத மனிதர் என்பதும் தெரிகிறது. ஆனால் என்னை இழுத்தது குளோபஸ்தான். ஹார்ட்லியின் படத்தில் அவர் பின்னணியில் கணக்குப் பார்க்கும் ஒரு பெயர். இங்கே, அண்ணன் கனவு காணக் காண பணத்துக்கு வழி தேடி ஓடியவரின் களைப்பை அவர் முகத்திலேயே படிக்கலாம்.

சரி, கேனனின் சறுக்கல்? அங்கேதான் ‘கோ-கோ பாய்ஸ்’ நழுவுகிறது. 1986-இல் தார்ன் இஎம்ஐயின் திரைப்படப் பிரிவை வாங்கி மூச்சுத் திணறியது, நிறுவனத்தின் கணக்குகளை அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் துருவியது என்று கேட்க நிறைய இருக்கிறது. தோல்வி பற்றிய பேச்சு வந்தாலே கோலன் பிடிகொடுப்பதில்லை. மெடாலியாவும் அழுத்துவதில்லை. ஆனாலும் படத்துக்கு மதிப்பு உண்டு: கோலன் 2014 ஆகஸ்ட் 8 அன்று இறந்துவிட்டார். இந்தப் படம் எடுக்கப்படாமல் இருந்தால் அவர் வாயால் சொன்ன இவ்வளவும் கிடைத்திருக்காது.

அதனால் ஹார்ட்லியை முதலில் பாருங்கள். கோலன் எதையெல்லாம் தாண்டிப் போகிறார் என்பது அப்போதுதான் ‘கோ-கோ பாய்ஸ்’ பார்க்கும்போது பிடிபடும். ஒன்றுக்குத்தான் நேரம் என்றாலும் ஹார்ட்லிதான். கேனன் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்றால் இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு, மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற கொஞ்சலோவ்ஸ்கியின் ‘ரன்அவே டிரெயின்’ (1985) படத்தைப் போடுங்கள்.