வில்சன் ‘தி டியூக்’ பந்து: 60 யார்டு கிக்குக்குக் காரணம் இதுதானா?

பந்து அருமை, விலைதான் கடிக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பாலில், என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக் ஆட்டங்களில் உதைக்கிற அதே தோல் பந்து இது, 100 டாலருக்கு மேல் ஆகிறது. ரெப்ளிகா என்று இதே பெயரில் செயற்கைத் தோலில் ஒன்று பாதி விலைக்கும் கீழே கிடைக்கும், படத்தைப் பார்த்து அவசரத்தில் அதை ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். சாக்கர் (நம்ம ஊர் கால்பந்து) ஆடிக்கொண்டிருந்த மகன் இப்போது பள்ளி அணியின் கிக்கர், அதாவது தரையில் நிறுத்திய பந்தை எதிர்முனைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவன். எங்கள் ஊர் கவ்பாய்ஸ் அணியின் கிக்கர் பிராண்டன் ஆப்ரி 60 யார்டுக்கு (சுமார் 55 மீட்டர்) மேலிருந்து சர்வசாதாரணமாக அடிப்பதைப் பார்த்துவிட்டு, “எல்லாம் பந்துலதான்ப்பா இருக்கு, நமக்கும் அதே பந்து வாங்கலாம்” என்று ஒரே நச்சரிப்பு. 2025இல் உதைக்கிற பந்துக்கான விதி மாறியதிலிருந்து (விவரம் கீழே) ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் பேசுகிறார்கள். சரி, அதையும்தான் பார்ப்போமே என்று வாங்கினேன்.

ஓஹியோவில் ஏடா என்கிற சின்ன ஊரில் செய்கிறார்கள். மாட்டுத் தோல், நான்கு துண்டு. முதலில் உள்புறம் வெளியே தெரிகிற மாதிரி தைத்து, நீராவி காட்டி இளக்கி, ஆள் பலத்தால் திருப்பிப் போடுகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் புதுச் செருப்புக்கடை வாசனை. கையில் எடுத்தால் வழவழவென்று இருக்கிறது, தோலின் பொடிப்பொடி மேடுகள் இன்னும் விரலில் பிடிக்கவில்லை, இரண்டு முனையும் கூராக, கல் மாதிரி. இப்படியே உதைத்தால் காலில் சுள்ளென்று படும். ஈரத்துண்டால் துடைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, காய விடுவது, திரும்பத் தேய்ப்பது என்று பொறுமையாகச் செய்தபின் நிறம் கொஞ்சம் கறுத்து, தோல் கையில் ஒட்ட ஆரம்பித்தது. நிறைய உதை வாங்கியதும் வயிறு லேசாகப் பெருத்து முனை மழுங்கியது, அப்புறம்தான் உதைக்கவே சுகம். கால் சரியாகப் பட வேண்டிய இடம் கொஞ்சம் அகலமாகிவிட்ட மாதிரி இருக்கிறது என்கிறான் மகன், தூரத்தில் இரண்டு மூன்று யார்டு கூடியிருக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இந்தப் பதப்படுத்தலில்தான் விவகாரமே. கிக்கர்கள் பந்தை என்னென்னவோ செய்து இளக்குகிறார்கள் என்று 1999இல் உதைப்பதற்கென்றே தனிப் பந்தைக் கொண்டுவந்தார்கள், கே-பால் என்று பெயர். அணியின் கையில் சிக்காமல் நேராக நடுவரிடம் போகும். 2007 ஜனவரியில் சியாட்டிலில் வெறும் 19 யார்டு கிக்குக்கு கவ்பாய்ஸின் டோனி ரோமோ கிக்கருக்காகப் பந்தைத் தரையில் நிறுத்த முடியாமல் நழுவவிட்டது எங்கள் ஊர்க்காரர்கள் இன்னும் புலம்புகிற கதை, அன்று பலரும் பழி போட்டது புதுப் பந்தின் வழுக்கல் மேல்தான். அதன்பின் ஆட்டத்தன்று கொஞ்ச நேரம் தேய்த்துக்கொள்ள விட்டார்கள். 2025இல்தான் சீசனுக்கு முன்பே பந்துகளை அணியிடம் கொடுத்து, ஆற அமரப் பதப்படுத்திக்கொள்ளச் சொன்னது லீக். அந்த நவம்பரிலேயே ஜாக்சன்வில் அணியின் கேம் லிட்டில் 68 யார்டு அடித்து சாதனை படைத்தார், உடனே எல்லாரும் பந்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் அப்போது பால்டிமோர் அணியில் இருந்த ஜஸ்டின் டக்கரின் 66 யார்டு 2021இல் வந்தது. ஆப்ரியே 65 யார்டு அடித்தது 2024இல். இரண்டுமே பழைய விதியில். 1970களின் தொடக்கத்தில் எல்லாத் தூரமும் சேர்த்தே நூற்றுக்கு 60 அளவில்தான் உள்ளே போனது, அதுவும் 1974 வரை கம்பங்கள் 10 யார்டு முன்னால் கோல் கோட்டிலேயே நின்றன. இப்போது 50 யார்டுக்கு மேலிருந்து அடிப்பதே கிட்டத்தட்ட 70 போகிறது, இது ஒரு வருடத்து விதி மாற்றத்தால் வந்ததல்ல.

அன்று பலரும் நேராக ஓடி வந்து கால் நுனியால் குத்தினார்கள். ஹங்கேரியில் பிறந்த பீட் கோகோலாக் 1964இல் சாக்கர் பாணியில் பக்கவாட்டிலிருந்து வந்து பாதத்தின் மேற்புறத்தால் அடித்துக் காட்டினார், இருபது சொச்சம் வருடத்தில் பழைய பாணியே ஒழிந்தது. இப்போதைய பையன்கள் சின்ன வயதிலிருந்தே இந்த ஒரு வேலையை மட்டும், அதற்கென்று இருக்கிற கோச்சிடம், ஒவ்வொரு உதையையும் வீடியோவில் பார்த்துத் திருத்திக் கற்கிறார்கள். ஆப்ரி கல்லூரியில் சாக்கர் ஆடி, தொழில்முறை சாக்கரும் எட்டிப் பார்த்து, நடுவில் மென்பொருள் வேலைக்கும் போய்விட்டு வந்தவர், காலின் பழக்கம் அங்கிருந்தே வந்தது. இதற்கு மேல் கூரை போட்ட மைதானங்கள், சேறாகாத செயற்கைப் புல். அந்தக் காலத்துச் சேற்றில் ஊன்றிய கால் வழுக்கினால் எந்தப் பந்தும் காப்பாற்றாது.

யாரும் பேசாத இன்னொரு இரண்டு பேர் ஸ்னாப்பரும் ஹோல்டரும். ஸ்னாப்பர் ஏழெட்டு யார்டு பின்னால் பந்தை வீச, ஹோல்டர் பிடித்துத் தரையில் நிறுத்தி பந்தின் தையல் கயிறு (லேஸ்) கம்பத்தைப் பார்க்கும்படி திருப்ப, கிக்கர் அடிக்க, எல்லாம் ஒன்றேகால் நொடி சொச்சத்தில். முன்பு ஹோல்டர் வேலையைப் பெரும்பாலும் மாற்று குவாட்டர்பேக் (பந்தை எறிகிற ஆட்டக்காரர்) பார்த்தார், அவருக்கு வேறு நூறு வேலை. இப்போது பண்டர்தான் (பந்தைக் கையிலிருந்து விட்டுத் தூரமாக உதைப்பவர்) பிடிக்கிறார், மூன்று பேரும் பயிற்சி முழுக்க ஒன்றாகவே கிடக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஹோல்டர் நான். நான் பந்தைச் சாய்க்கிற விதத்தில் ஒரு விரல் அளவு மாறினால் போதும், 40 யார்டில் பந்து கம்பத்துக்கு வெளியே போய்விடுகிறது. கூடவே வாங்கிய மலிவான இரும்பு ஸ்டாண்டு (பெயர் வேண்டாம்) லேசான காற்றுக்கே பந்தைத் தள்ளிவிடுகிறது, அதற்கு நானே தேவலை.

பள்ளிக் கிக்கர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவும், இதில் வெள்ளைக் கோடு கிடையாது, பள்ளி ஆட்டத்தில் பயன்படுத்த முடியாது. எனவே முதலில் அணி பயன்படுத்துகிற பந்தையே ஒன்று வாங்குங்கள், மிச்சக் காசை கோச்சுக்குக் கொடுங்கள். ஆசைக்கு வாங்குபவர்கள் தாராளமாக டியூக் வாங்கலாம், நன்றாக உழைக்கும். காற்று 12.5க்கும் 13.5 பிஎஸ்ஐக்கும் நடுவில் இருக்க வேண்டும், அளவுமானி உள்ள பம்பு ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், டெக்சாஸ் வெயிலில் கார் டிக்கியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.