புதிய விசுவாசிக்கு எந்தத் தமிழ் வேதாகமம், எந்த வரிசை: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் ஒருவர் கைக்கு வருவது பெரும்பாலும் பழைய திருப்புதல்தான், அதாவது பழைய மொழிபெயர்ப்பு. 1871-இல் வெளிவந்த, ஹென்றி பவர் என்பவரின் பெயரால் அறியப்படும் திருப்புதலின் நடை அது. மனப்பாடம் செய்யவும் சபையோடு சேர்ந்து வாசிக்கவும் அதற்கு இணை இல்லை. புரிந்து படிக்க அதை மட்டும் நம்பினால் சிரமம்தான். பேச்சுக்கு மேற்கோள்குறி கிடையாது, ஒரு வசனத்தில் பேசுவது இயேசுவா பரிசேயரா என்று குழம்பும். ஒவ்வொரு வசனமும் தனி வரியில் தொடங்குவதால் பத்தி எங்கே மாறுகிறது என்பதும் தெரியாது.

ஆகவே பக்கத்தில் இன்னொன்று வேண்டும். எளிய தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று, அல்லது 1995-இல் வெளிவந்த திருவிவிலியம். பின்னதில் பத்திகளும் உள்தலைப்புகளும் பெரிய உதவி. நூல்களின் பெயர் மட்டும் மாறும்: யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம், அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66. இரண்டு பொருளடக்கங்களையும் முதல் நாளே ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரிசை. ஜனவரி 1 அன்று ஆதியாகமத்தில் தொடங்கி ஒரே ஆண்டில் முடிக்கும் திட்டம் புதியவருக்கு ஏற்றதல்ல. மொத்தம் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றுக்கு மேல். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் பாதியும் கதையாக ஓடிவிடும். யாத்திராகமம் 25-இல் ஆசரிப்புக்கூடாரத்தின் (இஸ்ரவேலரின் வழிபாட்டுக் கூடாரம்) அளவுகள் தொடங்கும், மாதக் கடைசியில் பலிகளின் சட்டங்களோடு லேவியராகமம் வந்து நிற்கும். பலரும் விடுவது இங்கேதான். பக்தி குறைந்ததால் அல்ல, அந்தப் பலிகள் எதற்கு என்று சொல்லித்தர ஆள் இல்லாததால். லேவியராகமம் 16-ஐ எபிரெயர் 9-ஓடு சேர்த்து வாசித்தால் பிடிபடும். ஆனால் அதற்கு முன் சுவிசேஷங்கள் மனதில் இருக்க வேண்டும்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரங்கள்தான். முதல் தடவை எளிய மொழிபெயர்ப்பில், நிறுத்தாமல், வாய்விட்டு வாசியுங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். புரியாத இடத்தில் நிற்காதீர்கள், ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போதும். இரண்டாம் தடவை பழைய திருப்புதலில், நாளுக்கு மற்றப் பதிப்பின் ஓர் உள்தலைப்பு அளவு. இப்போது அமைப்பு தெரியவரும். 8:29-இல் (8-ஆம் அதிகாரம், 29-ஆம் வசனம்) பேதுரு இயேசுவைக் கிறிஸ்து என்கிறார். அதன்பின் 8:31, 9:31, 10:33 என்று மூன்று முறை தம் மரணத்தை இயேசு முன்னறிவிக்கிறார், மூன்று முறையும் சீஷர்களுக்குப் பிடிபடவில்லை. இந்தப் பகுதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குருடன் பார்வை பெறுகிறான். முதலாமவனுக்கு இரண்டு படியாக. 11-ஆம் அதிகாரம் முதல் கடைசிவரை எருசலேமின் ஒரே வாரம். தினம் ஒரு வசனம் எடுத்துத் தியானிப்பவர் கண்ணில் இது எதுவும் படவே படாது. மாற்குவை இப்படி வாசித்தபின் லூக்காவும் அப்போஸ்தலர் நடபடிகளும்: ஒரே எழுத்தாளர், 24-உம் 28-உமாக 52 அதிகாரங்கள்.

வாக்குத்தத்த வசனங்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டை நம்பிக்கை தரும், அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் அட்டையில் எரேமியா 29:11 (தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்னும் வசனம்) இருந்தால், அன்றைக்கே 29-ஆம் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். 10-ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது, அங்கேயே வீடு கட்டித் தோட்டம் போடச் சொல்கிறது 5-ஆம் வசனம். எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்னும் பிலிப்பியர் 4:13 தேர்வுக்கும் வேலைக்கும் சொல்லப்படுகிறது. அதற்கு முந்தைய 11, 12-ஆம் வசனங்களில் பவுல் பேசுவதோ பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருப்பதைப் பற்றி. சந்தர்ப்பம் தெரிந்தபின் அந்த வசனங்கள் இன்னும் பலமாகத் தாங்கும் என்பதே எங்கள் அனுபவம்.

பெயர்கள் இன்னொரு தடங்கல். அப்போஸ்தலர் 12:2-இல் யாக்கோபு கொல்லப்படுகிறார், அதே அதிகாரத்தின் 17-ஆம் வசனத்தில் யாக்கோபுக்கு அறிவிக்கச் சொல்கிறார் பேதுரு. முதலாமவர் யோவானின் சகோதரர், மற்றவர் இயேசுவின் சகோதரர். ஏரோதும் ஒருவர் அல்ல: மத்தேயு 2, மாற்கு 6, அப்போஸ்தலர் 12 மூன்றிலும் வெவ்வேறு ஆட்கள். வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் இவர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது எழுத்து பெரிதாகவும் ஒத்துவாக்கியங்கள் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்பு) உள்ளதாகவும் பாருங்கள். தாள் மெல்லியது, ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். வாசிக்கத் திணறுபவருக்குச் செயலிகளில் தமிழ் ஒலிப்பதிவு உண்டு, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கலாம். ஓரத்தில் போட்ட கேள்விக்குறிகளில் பல, லூக்காவை முடிக்கும்போது தாமாகவே அழியும். மீதியை அதிகாரம், வசன எண்ணோடு ஒரு தாளில் எழுதிப் போதகரிடம் கொண்டுபோங்கள்.