2 சதவீத சிஎஸ்ஆரா, தொழிலுக்குள்ளேயே பொறுப்பா: எது செலவு, எது விற்பனை?

பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுக்கும் படத்தை ஆண்டறிக்கையில் பார்த்ததும் 'எல்லாம் விளம்பரம்' என்று சொல்லிவிடுகிறோம். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் அப்படி இல்லை.

முதலில் சட்டப்படியான சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு. 2013 கம்பெனிகள் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றைத் தொட்டாலே மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். சராசரி 100 கோடி என்றால் 2 கோடி. இதையே சம்பளத்துக்கோ விளம்பரத்துக்கோ செலவழித்தால், 22 சதவீத வரித் திட்டத்தில் இருக்கும் நிறுவனத்துக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 50 லட்சம் வரி குறையும். சிஎஸ்ஆர் என்று எழுதினால் அது தொழில் செலவாகாது, அந்தத் திட்டத்தில் நன்கொடைக்கான வரிக் கழிவும் கிடையாது, 2023 அக்டோபரிலிருந்து அதற்காக வாங்கிய பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியையும் திரும்ப எடுக்க முடியாது. விற்பனையாவது ஏறுமா என்றால், தன் பொருளுக்கு விளம்பரம் தேடிக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப்பை 2021 திருத்த விதிகள் சிஎஸ்ஆராகவே ஏற்பதில்லை. ஆக, செலவு முழுசு, விற்பனைக்கு நேரடிப் பலன் இல்லை.

அடுத்து, பாக்கெட் வாங்கினால் ஒரு பங்கு நல்ல காரியத்துக்கு என்ற வகை. பி அண்ட் ஜி நிறுவனம் குழந்தைகளின் கல்விக்காக 2005-இல் தொடங்கிய 'சிக்ஷா' தெரிந்த உதாரணம். நேராக விற்பனையோடு கட்டிய திட்டம் என்பதால் நிறுவனத்துக்கு ரிஸ்க் குறைவு. ஆனால் உதவியின் அளவு பாக்கெட் நகர்வதைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

மூன்றாவது, தொழிலை நடத்தும் விதத்திலேயே பொறுப்பைச் சேர்ப்பது. இந்த வகைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஐடிசி நிறுவனம் விவசாயிகளிடம் நேராகச் சோயா வாங்க 2000-இல் மத்தியப் பிரதேசத்தில் இ-சௌபால் திட்டத்தைத் தொடங்கியது. அதுவரை சோயா விவசாயி மண்டிக்கு வண்டி கட்டிப் போன பிறகுதான் அன்றைய விலையே தெரியும், பிடிக்காவிட்டாலும் மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோக வாடகை யார் தருவது, அதனால் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, எடையிலும் இழந்துவிட்டு வருவார். ஊரிலேயே ஒரு விவசாயி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து விலையை முன்கூட்டியே காட்டினார்கள். விருப்பமிருந்தால் நேராக ஐடிசி மையத்துக்குக் கொண்டுவரலாம், மின்னணு எடை, கையில் பணம், வண்டிச் செலவும் உண்டு. நிறுவனத்துக்கு மண்டிக் கமிஷனும் இடைக் கையாளும் செலவும் மிச்சம். விவசாயிக்கும் லாபம், கம்பெனிக்கும் செலவு குறைவு, ஆனால் வழக்கமான வியாபாரம் என்பதால் இன்றைய 2 சதவீதக் கணக்கில் இது சேராது! குறை ஒன்று உண்டு: சோயா விளையாத ஊருக்கு இது போகாது. கொள்முதலோ சந்தையோ இல்லாத இடத்துக்கு அந்த 2 சதவீதம்தான் போக முடியும், அதனால் அந்தச் சட்டம் வேண்டும் என்றே சொல்வேன்.

இந்த மூன்றுக்கும் முன்னால் இன்னொன்று இருக்கிறது: தன் ஆலையே கேடு செய்யாமல் பார்த்துக்கொள்வது. அதை யாரும் சிஎஸ்ஆர் என்று சொல்வதில்லை. ஹிந்துஸ்தான் யூனிலீவர் கிராமத்துப் பெண்களை விற்பனையாளர்களாக்கிய 'சக்தி' திட்டத்தை 2001-இல் தொடங்கியது, டீலர் வண்டி போகாத சிற்றூர்களுக்கும் சோப்பு போனது, பெண்களுக்கு வருமானம் வந்தது. அதே 2001-இல்தான் கொடைக்கானலில் அதன் தெர்மாமீட்டர் ஆலை பாதரசக் கழிவு விவகாரத்தில் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு வந்தது 2016-இல். கழிவைக் கையாளும் செலவை அன்றே ஒழுங்காகச் செய்யாமல் விட்டதற்கு 15 ஆண்டு இழுபறி, பெயர்க்கேடு, மண்ணைச் சுத்தம் செய்யும் வேலை. எந்த நல்ல திட்டமும் அந்தக் கணக்கை நேர் செய்யாது.

என் வரிசை இதுதான்: முதலில் தன் ஆலைக் கழிவு, தொழிலாளர் உடல்நலம், அப்புறம் கொள்முதலிலும் விநியோகத்திலும் நியாயம், அதற்குப் பிறகு 2 சதவீதம், கடைசியில் பாக்கெட் பிரசாரம். ஒரு நிறுவனத்தை எடைபோட வேண்டுமென்றால் சிஎஸ்ஆர் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 நிறுவனங்களுக்கு, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-23 முதல் கட்டாயமாக்கிய பிஆர்எஸ்ஆர் என்ற தொழில் பொறுப்பு அறிக்கையில் தண்ணீர், கழிவு, வேலையிடக் காயங்கள் பற்றிய எண்கள் இருக்கும், அவற்றை முந்தைய ஆண்டு எண்களோடு வைத்துப் பாருங்கள்.