கோலிக் குட்டி: கண்ணால் பார்த்து எடுப்பதா, மரபணுச் சோதனையா?

நுவரெலியாக் குளிருக்குச் சடை நாய்தான் சரி என்று கோலியோ ஷெல்டியோ (ஷெட்லாந்து ஷீப்டாக்) தேடுகிறவர்கள் உண்டு. இரண்டு இனத்திலும் பரம்பரையாக ஓடும் வில்லங்கம் டெர்மடோமயோசிடிஸ். தோலிலும் தசையிலும் சேர்ந்தே அழற்சி வரும்.

கண்ணால் பார்த்து எடுப்பதில் காசு மிச்சம். மூக்குத்தண்டு, கண்ணோரம், காது நுனி, வால் நுனியில் முடி கொட்டிப் பொருக்குத் தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தசையும் பாதிக்கப்பட்டால் நெற்றிப்பொட்டு குழி விழும், தண்ணீர் குடிக்கவே திணறும். ஆனால் விற்பவர் கையில் இருக்கும் எட்டு வாரக் குட்டி அநேகமாகப் பளிச்சென்றுதான் இருக்கும். நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள்.

சோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவினால் போதும். 2017இல் வெளியான ஆய்வு மூன்று மரபணு இடங்களைக் காட்டியது: பான்2, மேப்3கே7சிஎல், நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள டிஎல்ஏ-டிஆர்பி1. மூன்றும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதை வைத்தே ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்கிறார்கள். அதிகம் என்று வந்த நாயும் நோயில்லாமல் வாழலாம். வெயில், தொற்று போன்ற தூண்டுதலும் வேண்டும். (குளிருதே என்று ஏமாறாதீர்கள், உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும்.)

என் தெரிவு சோதனைதான், அதுவும் இணை சேர்க்கும் முன்பே தாய்க்கும் தகப்பனுக்கும். ஏற்கெனவே பொருக்குத் தட்டிய குட்டிக்கு அது உதவாது. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டி, தோல் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.