கிரிப்டோகிராபியா, ஹார்டுவேர் செக்யூரிட்டியா: பெங்களூரில் எதைப் படிக்கலாம்?

எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கும் நம்மூர்ப் பிள்ளைகள் செக்யூரிட்டி பக்கம் தாவ நினைத்தால், முதலில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்.

தகவலைக் கணக்கால் பூட்டிக் காக்கும் கிரிப்டோகிராபிக்கு லேப்டாப் போதும். டான் போனே நடத்தும் ஸ்டான்ஃபோர்டு பாடம் கோர்செராவில் இருக்கிறது. சில்க் போர்டு நெரிசலில் சிக்காமல் வீட்டிலேயே படிக்கலாம். கணக்கு கொஞ்சம் படுத்தும். ஆனால் நல்ல வகுப்பு என்பது, ஏற்கெனவே எழுதி வைத்த கோடு லைப்ரரியைத் தப்பில்லாமல் பயன்படுத்தக் கற்றுத்தருவது. 2010-ல் பிளேஸ்டேஷன் 3-ன் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி அம்பலமானதற்கு ஈசிடிஎஸ்ஏ என்ற கையெழுத்து முறை காரணமல்ல. ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய ரகசிய எண்ணை மாற்றாமல் விட்டதுதான். 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட, குவாண்டம் கணினியைத் தாங்கும் தரங்கள் பாடத்திட்டத்தில் இல்லையா? வேறு வகுப்பைப் பாருங்கள்.

சிப்பையே தாக்குதலிலிருந்து காக்கும் ஹார்டுவேர் செக்யூரிட்டி வேறு ரகம். சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே உள்ளிருக்கும் சாவியைக் கறந்துவிட முடியும் என்று கிரிப்டோகிராபி நிபுணர் பால் கோச்சரும் கூட்டாளிகளும் 1999-ல் காட்டினார்கள். ஸ்லைடில் பார்த்தால் இது மந்திரம் மாதிரிதான் தெரியும். அந்த ஏற்ற இறக்கத்தை அளக்க ஆசிலோஸ்கோப்போ சிப்விஸ்பரர் போர்டோ கையில் வேண்டும், கட்டணமும் அதற்கேற்ப ஏறும். ஒரு போர்டுக்கு எத்தனை பேர் என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

பேக்எண்ட், பேமென்ட் ஆட்களுக்கு முதலாவது போதும். எம்பெடெட், விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு) பக்கம் இருந்தால் இரண்டாவதுதான். அதற்கு முன் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெலில் ஐஐடி கரக்பூரின் ஹார்டுவேர் செக்யூரிட்டி வீடியோக்களை இலவசமாகப் பார்த்துவிடுங்கள்.